பரணில் கிடைத்த கேசட்டுகளில் பழைய தூர்தர்ஷன் விளம்பரங்கள்: கெடாமல் எடுப்பதும் ஆண்டைக் கண்டுபிடிப்பதும்

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பரணில் 14 வி.எச்.எஸ். கேசட்டுகள் கிடைத்திருக்கின்றன. 1980களின் நடுவிலிருந்து 90களின் தொடக்கம் வரை உங்கள் அப்பா தூர்தர்ஷனிலிருந்து பதிவு செய்தவை. மேலே ‘ஞாயிறு படம்’, ‘ஒளியும் ஒலியும்’, ‘ராமாயணம்’ என்று பேனாவில் எழுதியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது நடுநடுவே வரும் விளம்பரங்கள். கடைக்காரர் ஒருவர் டிவிடி போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா, நீங்களே செய்ய முடியுமா, எந்த விளம்பரம் எந்த ஆண்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள். மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. இந்த நாடாவில் இருப்பது வேறெங்கும் கிடைக்காத பிரதியா? அப்படியானால் அதைக் கெடுக்காமல் வெளியே எடுப்பது எப்படி?

வேறெங்கும் கிடைக்காமல் போக நிறையவே வாய்ப்பு இருக்கிறது. ராமாயணமும் மகாபாரதமும் டிவிடியாகவும் இணையத்திலும் வந்துவிட்டன. அவற்றுக்கு முன்னால் ஓடிய 20 விநாடி விளம்பரத்தை அப்படிக் காப்பாற்றி வைத்தவர்கள் குறைவு. விளம்பரப் படங்களை அன்று பெரும்பாலும் ஃபிலிமில்தான் எடுத்தார்கள், ஏனென்றால் அதே படம் தியேட்டரிலும் ஓட வேண்டும். தொலைக்காட்சிக்கு அதிலிருந்து வீடியோ நாடாவில் ஒரு பிரதி போகும். விளம்பரம் ஓடி முடிந்ததும் அந்தப் பிரதியை வைத்திருக்க யாருக்கும் காரணம் இல்லை. நாடா விலை அதிகம் என்பதால் நிலையங்களிலும் பழையதை அழித்து அதன்மேல் புதியதைப் பதிவது வழக்கமாக இருந்தது. பெரிய நிறுவனங்களின் இந்திப் பதிப்புகள் ஓரளவு பிழைத்துக்கொண்டன. தமிழ்க் குரல் சேர்த்த பதிப்புகள், உள்ளூர் ஜவுளிக்கடை, சோப்பு, சீயக்காய்த் தூள் விளம்பரங்கள், அறிவிப்பாளரின் முகம், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை போன்றவை பெரும்பாலும் வீட்டுப் பதிவுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. எந்த விளம்பரத்துக்குப் பின் எது வந்தது என்ற வரிசையும் அப்படித்தான். ஆண்டைக் கண்டுபிடிக்க அந்த வரிசைதான் பின்னால் கை கொடுக்கும்.

எனவே கடைக்காரரிடம் கொடுப்பதற்கு முன் அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். வழக்கமாக நடப்பது இது: படத்தை மட்டும் பதிவார்கள், நடுவில் வரும் விளம்பரங்களை ‘வேண்டாதது’ என்று வெட்டிவிடுவார்கள், மூன்று மணி நேரத்தை 4.7 ஜி.பி. டிவிடிக்குள் அமுக்குவார்கள். வி.எச்.எஸ். படத்தில் இயல்பாகவே புள்ளிப்புள்ளியாக இரைச்சல் இருக்கும். டிவிடியில் பயன்படும் எம்பெக்-2 சுருக்கம் அந்த இரைச்சலைச் சுமக்கவே தன் அளவையெல்லாம் செலவழித்துவிடுவதால் முகங்களும் எழுத்துகளும் கட்டம் கட்டமாக உடையும். எழுதும் டிவிடிகளே சில ஆண்டுகளில் படிக்க முடியாமல் போவதும் உண்டு. கடையில்தான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் மூன்று நிபந்தனைகளைச் சொல்லுங்கள்: தொடக்கத்திலிருந்து கடைசி வரை எதையும் வெட்டக் கூடாது, டிவிடிக்குப் பதில் ஹார்ட் டிஸ்கில் பெரிய கோப்பாக வேண்டும், படத்தை ‘கிளீன்’ செய்யவோ அகலத் திரைக்கு இழுக்கவோ கூடாது. இவற்றுக்கு ஒப்புக்கொள்ளாத இடத்தில் கொடுக்க வேண்டாம்.

நீங்களே செய்வதென்றால், எதையும் ஓட்டிப் பார்க்கும் முன் ஒரு மணி நேரம் செலவழித்துக் கேசட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 14 வரை எண் கொடுத்து, உறை, லேபிள், முதுகு மூன்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேபிளைப் பிரிக்க வேண்டாம். அடித்து எழுதிய பழைய எழுத்தும் ஆதாரம்தான். முதுகுப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் எந்த வி.சி.ஆரும் அந்தக் கேசட்டில் பதிவு செய்யாது. இதைச் செய்யாமல், தவறிப்போய் ரெக்கார்டு பொத்தானில் கை பட்டு நாலு நிமிடம் அழிந்துபோனால் அது போனதுதான்.

அடுத்தது பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்தில் பரணில் முப்பது வருஷம் கிடந்த நாடாவுக்கு முதல் எதிரி இதுதான். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்து நாடாச் சுருளின் மேற்பரப்பைப் பாருங்கள். சுருள் ஒரே கறுப்பாக மழமழவென்று இருக்க வேண்டும். வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ தூள், நூல், வட்டப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும், அடுத்து அதே இயந்திரத்தில் போடும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒரு மூடிய டப்பாவில், பையில் கட்டிய 200 கிராம் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். ஈரம் வற்றினால் பூஞ்சை வளர்வது நிற்கும், தூளாக உதிரும் நிலைக்கு வரும். வெயிலில் காய வைத்தால் கூடு வளையும், நாடா சுருங்கும், அது கூடாது. காய்ந்த பிறகு துடைத்தெடுக்கும் வேலையை வெட்டவெளியில், என்95 முகக்கவசத்தோடு, அதற்கென்றே ஒதுக்கிய பழைய டெக்கில் செய்ய வேண்டும். இந்த ஒரு வேலையைப் பழக்கம் உள்ளவரிடம் விடுவதே நல்லது. பூஞ்சை இல்லாத கேசட்டுகளை முதலில் முடித்துவிட்டு இவற்றுக்கு வாருங்கள்.

நாடாவை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வைத்து ‘சுடுவது’ பற்றி இணையத்தில் படித்திருக்கலாம். ஒட்டும் தன்மை வந்துவிட்ட சில தொழில்முறை நாடாக்களுக்கு அது பலன் தந்திருக்கிறது. வீட்டு வி.எச்.எஸ். நாடாக்களில் அந்த நோய் அரிது. தேவையா என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களிடமே ஒத்த கருத்து இல்லை. கீச்சென்று சத்தம் போட்டு நின்று நின்று ஓடும் கேசட்டைத் தவிர வேறெதற்கும் அதை நினைக்கவே வேண்டாம்.

இயந்திரம் கிடைப்பதுதான் இன்று பெரிய சிக்கல். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஆகவே பழையதைத்தான் வாங்க முடியும். அன்று வாடகைக்குக் கிடைத்த ‘டெக்’ பெரும்பாலும் வி.சி.பி.; ஓட்ட மட்டும் செய்யும், பதிவு செய்யாது. உங்கள் வேலைக்கு அதுவே போதும், ஆனால் பின்னால் மஞ்சள் வீடியோ அவுட், வெள்ளை ஆடியோ அவுட் இருக்க வேண்டும். டிவி ஆன்டெனா துளைக்குப் போகும் ஆர்.எஃப். வழியாக எடுத்தால் படம் இன்னும் ஒரு படி மங்கும். வாங்கும்போது உங்களுக்குத் தேவையில்லாத ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். ஓட்டுதல், முன்னோட்டம், பின்னோட்டம், வெளியே எடுப்பது நான்கையும் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் மூடியைத் தூக்கி நாடாவின் ஓரம் சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சுருங்கியிருந்தால் நாடாவை இழுக்கும் பிஞ்ச் ரோலர் ரப்பர் இறுகிவிட்டது அல்லது வழிகாட்டிக் கம்பிகள் இடம் பெயர்ந்திருக்கின்றன. அந்த இயந்திரம் உங்கள் கேசட்டைத் தின்றுவிடும். கூடுதல் தெளிவு தரும் எஸ்-வி.எச்.எஸ். வகை டெக், அதிலும் குலையும் சைகையை நேர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் உள்ளேயே இருக்கும் பானசோனிக் என்வி-எஃப்எஸ்200 போன்றது கிடைத்தால் விலை கூடுதலாக இருந்தாலும் விட வேண்டாம்.

படம் முழுக்க மழை பெய்தது போல வெள்ளைப் புள்ளி வந்தால் நாடா போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஹெட்டில் அழுக்கு அடைத்திருக்கும். முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மேல்மூடியைக் கழற்றி, 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மான்தோல் குச்சியை, ஹெட் பொருத்திய உருளையான டிரம் மேல் லேசாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டிரம்மைச் சுற்றுங்கள். குச்சி அசையக் கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் நுனி உடைந்துவிடும், அதற்கு மாற்று இன்று கிடைப்பது கடினம். காது குடையும் பஞ்சுக் குச்சியின் நூல் ஹெட்டில் சிக்கி இழுக்கும், அது வேண்டாம். நன்றாக உலர ஐந்து நிமிடம் விட்டுவிட்டுப் போடுங்கள். ஒவ்வொரு கேசட்டையும் ஓட்டும் முன் கடைசி வரை முன்னோட்டி, முழுவதும் பின்னோட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே நிலையில் இருந்த சுருள் தளர்ந்து, சீரான இழுவையில் மறுபடி சுற்றிக்கொள்ளும்.

இனி கணினிக்குக் கொண்டுபோவது. இந்தியாவின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்; ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகள் கொண்ட இரண்டு புலங்களைப் பின்னியது, ஆக 50 புலங்கள். எடுக்க வேண்டிய அளவு 720க்கு 576. இலங்கையும் அதே முறைதான். தென் கடலோர மாவட்டங்களில் பதிவான கேசட் என்றால், 1982 பிப்ரவரியில் தொடங்கிய ரூபவாஹினியின் விளம்பரங்களும் இடையில் வரலாம்; அவற்றுக்கும் இதே அமைப்பு போதும். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஏ.வி. டூ எச்.டி.எம்.ஐ.’ பெட்டியைத் தவிர்க்கவும். அது 50 புலங்களைக் கண்டபடி கலந்து 60 ஆக்கி, 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய வழியே இல்லை. செல்போனால் டிவித் திரையைப் படமெடுப்பதும் அப்படித்தான். வீடியோவைக் கணினிக்குள் கொண்டுவரும் யூ.எஸ்.பி. கேப்சர் கருவியும் விர்ச்சுவல்டப் மென்பொருளும் ஒழுங்கான வழி. அதில் வைக்க வேண்டிய அமைப்பு: நிறம் ஒய்.யு.ஒய்.2, சுருக்கம் தரம் இழக்காத ஹஃப்ஒய்.யு.வி., ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் 16 பிட். இதில் மணிக்கு 30 முதல் 35 ஜி.பி. ஆகும். 14 கேசட், ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் என்று வைத்தால் 42 மணி நேரம், கிட்டத்தட்ட 1.4 டி.பி. ஆகவே 2 டி.பி. டிஸ்க் இரண்டு வாங்குங்கள்; ஒன்று வேலைக்கு, மற்றது வேறு வீட்டில் வைக்க. இவ்வளவு இடம் இல்லையென்றால் கல்யாண வீடியோக்காரர்களிடம் கிடைக்கும் பழைய மினி டிவி கேமராவில் ஏ.வி. உள்ளீடு இருக்கிறதா என்று பாருங்கள். அதன் வழியே ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் மணிக்கு 13 ஜி.பி.தான். நிறத்தில் கொஞ்சம் இழப்பு இருந்தாலும் ஒலியும் படமும் பிசகாமல் வரும்.

விளம்பரங்களைக் குறிவைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அன்று பதிவு செய்தவர்கள் விளம்பரம் வந்ததும் பதிவை நிறுத்திவைக்கும் ‘பாஸ்’ பொத்தானை அழுத்துவார்கள், முடிந்ததும் விடுவார்கள். ஆகவே உங்கள் விளம்பரங்களில் பல, வெட்டு விழும் இடத்தில் மூன்று நான்கு விநாடித் துண்டாகத்தான் இருக்கும். அந்த வெட்டுகளில் ஒத்திசைவுச் சைகை ஒரு கணம் குலையும். மலிவான கேப்சர் கருவி அங்கே ஃபிரேம்களைத் தவறவிடும். சில சமயம் நீலத் திரை காட்டி இரண்டு விநாடியை விழுங்கிவிடும். அப்படிப் பத்து வெட்டு ஆனபின் ஒலியும் உதடும் சேராது. இதற்கு மருந்து, வி.சி.ஆருக்கும் கணினிக்கும் நடுவே சைகையை நேர்செய்யும் கருவி ஒன்றை வைப்பது. தனி டைம் பேஸ் கரெக்டர் விலை அதிகம். பானசோனிக் டி.எம்.ஆர்.-இ.எஸ்.10 அல்லது 15 டிவிடி ரெக்கார்டரில் பதிவு செய்யாமல், உள்ளே விட்டு வெளியே எடுத்தாலே கோடுகளின் நெளிவு பெரும்பாலும் நேராகிவிடும். பழைய பொருள் கடைகளில் அதைத் தேடுங்கள். விர்ச்சுவல்டப்பின் ‘தவறிய ஃபிரேம்’ எண்ணிக்கை மூன்று மணி நேரத்துக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அளவுகளைச் சரிசெய்ய விளம்பரங்களே நல்ல சோதனைப் படங்கள். வாஷிங் பவுடர் நிர்மா விளம்பரத்தின் வெள்ளை கவுனில் மடிப்புகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். ஒரே வெள்ளைத் தட்டாகத் தெரிந்தால் கேப்சர் கருவியின் பிரைட்னஸும் கான்ட்ராஸ்டும் அதிகம். அங்கே வெட்டுப்பட்ட வெளிச்சத்தைப் பிறகு எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இரண்டு பக்கமும் முட்டாமல் இருக்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள், கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கொடைக்கானல் பக்கத்து அருவியில் எடுத்த லிரில் விளம்பரம் கிடைத்தால் அதன் பச்சை, புடவை விளம்பரம் என்றால் சிவப்பு, வலது பக்கமாக ஒழுகியிருக்கும். வி.எச்.எஸ். நிறத்தை மிகக் குறைந்த நுணுக்கத்தில் பதிகிறது என்பதால் அது இயற்கை. இயந்திரக் கோளாறு என்று நினைத்து எதையும் திருகாதீர்கள். படத்தின் அடியில் ஏழெட்டுக் கோடுகள் குலைந்து தெரிவதும் ஹெட் மாறும் இடம்தான். அப்படிக் குலைந்த பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தெரிந்தால் மட்டும் குறித்து வையுங்கள். அந்தக் கேசட் வேறொரு கேசட்டிலிருந்து பிரதி எடுத்தது என்பதற்கு அது அடையாளம்.

படம் முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். வெற்றுக் கேசட் விலை அதிகமாக இருந்த காலம் அது. ஒன்றையே நாலைந்து முறை அழித்து அழித்துப் பதிந்திருப்பார்கள். புதிய பதிவு முந்தையதைவிடச் சின்னதாக இருந்தால் பழையதன் வால் அப்படியே இருக்கும். இரண்டு மணி நாற்பது நிமிடத்துக்குப் பிறகு வெறும் இரைச்சல், அதற்கப்புறம் திடீரென்று நாலு வருஷம் முந்தைய விளம்பரம் என்று வருவது சகஜம். கேசட் தானாகக் கடைசியில் நிற்கும் வரை கேப்சர் ஓடட்டும்.

ஆண்டைக் கண்டுபிடிப்பதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு விளம்பரத்தின் பாட்டு உங்கள் நினைவில் எந்த ஆண்டில் ஒட்டியிருக்கிறது என்பது ஆதாரமாகாது. தூர்தர்ஷனில் விளம்பரம் தொடங்கியது 1976 ஜனவரி 1. விவித்பாரதி வானொலியில் 1967இலிருந்தே விளம்பரங்கள் இருந்தன. இலங்கை வானொலியையும் இங்கே வீடுகளில் கேட்டார்கள். கோபால் பல்பொடி போன்ற பல விளம்பரங்களை நாம் முதலில் காதால் கேட்டோம். படமாகப் பார்த்ததாக நினைப்பது பின்னால் சேர்ந்துகொண்டது. நிர்மா பாட்டு பல ஆண்டுகள் மாறாமல் இருந்து, அதற்குப் பல படங்கள் மாறி மாறி வந்தன. ஆகவே பாட்டை வைத்து ஆண்டு சொல்ல முடியாது, எந்தப் படம் என்பதை வைத்துத்தான் நெருங்க முடியும். நிர்மாவின் மலிவு விலைக்கு சர்ஃப் கொடுத்த பதிலாக லிண்டாஸ் விளம்பர நிறுவனத்தில் அலிக் பதம்சி உருவாக்கியது லலிதாஜி என்ற இல்லத்தரசிப் பாத்திரம், நடித்தவர் கவிதா சௌத்ரி. இது உறுதி. ஆனால் அதுவும் பல ஆண்டுகள், பல பதிப்புகளாக ஓடியதால் லலிதாஜி வந்துவிட்டார் என்பதாலேயே நாள் குறிக்க முடியாது.

உறுதியாக நிற்பது வேறு வழி. ஒரு இடைவேளையில் வரும் விளம்பரங்கள் எல்லாவற்றிலும் கடைசியாகச் சந்தைக்கு வந்த பொருள் எதுவோ, பதிவு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மாருதி 800 என்றால் 1983 டிசம்பருக்குப் பின். கைனடிக் ஹோண்டா, ஓசூரில் தயாரான இண்ட்-சுசுகி என்றால் 1984 அல்லது அதற்குப் பின். ஹீரோ ஹோண்டா சி.டி.100 என்றால் 1985. மொஸார்ட்டின் 25ஆம் சிம்பொனி இசையோடு டைட்டன் கடிகாரம் வந்தால் 1987க்குக் கீழே போகாது. ‘லெஹர் பெப்சி’ என்ற பெயர் 1990இலிருந்து. கோகோ-கோலா திரும்பி வந்தது 1993. இதற்கு எதிர்ப்பக்கத்து எல்லையைப் பெயர் மாற்றங்கள் தரும். விலாசத்தில் ‘மெட்ராஸ்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1996க்கு முன். ஆனால் அச்சடித்த அட்டையை மாற்றாமல் சிலர் சில காலம் ஓட்டியிருப்பார்கள் என்பதால் இதை ‘பெரும்பாலும்’ என்ற சொல்லோடுதான் எழுதி வைக்க வேண்டும். இரண்டு எல்லைக்கும் நடுவே எஞ்சும் இடைவெளி சில சமயம் ஆறு மாதம், சில சமயம் நாலு ஆண்டு. விளம்பரங்களை மட்டும் வைத்து மாதத்தைச் சொல்ல முடியாது.

மாதம் வேண்டுமானால் பக்கத்தில் இருக்கும் நிகழ்ச்சியைப் பிடிக்க வேண்டும். உங்கள் கேசட்டுகளில் அதற்குத் தங்கமான வாய்ப்பு ராமாயணம். 1987 ஜனவரி 25 ஞாயிறு தொடங்கி 1988 ஜூலை 31 ஞாயிறு முடிந்தது. நடுவே மொத்தம் 80 ஞாயிறுகள். வந்தவை 78 பகுதிகள். எந்தப் பகுதி என்று டிவிடியோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிட்டால், அதற்கு முன்னால் வரிசையாக வந்த அத்தனை விளம்பரங்களுக்கும் அதிகபட்சம் இரண்டு வாரப் பிசகோடு தேதி சொல்லிவிடலாம். மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 ஜூன் 24 வரை. 1987 அக்டோபர், நவம்பரில் ரிலையன்ஸ் கோப்பை கிரிக்கெட் நடந்தது. அதைச் சொல்லும் விளம்பரங்கள் அந்தச் சில மாதங்களுக்குள் அடங்கும். ‘மிலே சுர் மேரா தும்ஹாரா’ என்ற தேசிய ஒருமைப்பாட்டுப் பாடல் முதலில் வந்தது 1988 ஆகஸ்ட் 15; அதில் தமிழ் வரிகளைப் பாடியவர் பாலமுரளிகிருஷ்ணா. அது பதிவில் இருந்தால் அந்த நாளுக்கு முன் போக வேண்டியதில்லை. செய்தியின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. வாசிப்பவர் சொல்லும் ஒரு பெயரை அந்த ஆண்டின் செய்தித்தாளில் தேடினால் நாளே கிடைத்துவிடும். மறு ஒளிபரப்பு மட்டும் ஏமாற்றக்கூடியது. நிகழ்ச்சியின் நாளும் விளம்பரத்தின் கீழ் எல்லையும் முரண்பட்டால் விளம்பரத்தை நம்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாடகைக் கடையில் வாங்கிய படக் கேசட்டுகளிலும் விளம்பரங்கள் உண்டு. படத்துக்கு முன்னாலும், சில சமயம் படத்தின் அடியிலேயே ஓடும் எழுத்தாகவும் வரும். அவை கேசட் வெளியிட்டவர்கள் சேர்த்தவை. தூர்தர்ஷனில் வந்தவற்றோடு அவற்றைக் கலந்தால் உங்கள் வரிசை முழுவதும் குழம்பும். அறிவிப்பாளரோ, தூர்தர்ஷன் சின்னமோ, நேரம் காட்டும் கடிகாரமோ அந்தப் பதிவில் எங்கேயாவது இருக்கிறதா என்பதை வைத்துப் பிரியுங்கள்.

விளம்பரத்தில் வரும் சின்ன எழுத்தைப் படிக்கச் செயற்கை அறிவு மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். அது தெரியாத எழுத்தைத் தானாக வரைந்துவிடும். 3 இருந்த இடத்தில் 8 வரும், நீங்கள் அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்வீர்கள். அசையாத அட்டை ஒரு விநாடி நின்றாலே 25 ஃபிரேம் கிடைக்கிறது. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து உண்மையான எழுத்து மேலே வரும். பார்ப்பதற்கான பிரதியைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். க்யூ.டி.ஜி.எம்.சி. என்ற மென்பொருள் கொண்டு புலங்களின் பின்னலைப் பிரித்து நொடிக்கு 50 ஃபிரேம் ஆக்கி, 1440க்கு 1080 அளவில் எச்.264 கோப்பாக வைத்தால் யூடியூபிலும் அசைவு வழவழப்பாக வரும். அங்கே படத்தின் உயரம் 720க்குக் கீழே இருந்தால் 50 ஃபிரேம் கிடைக்காது. மூலக் கோப்பைத் தொடவே வேண்டாம். கூடவே ஒரு அட்டவணை: கேசட் எண், மணி-நிமிடம்-விநாடி, பொருள், மொழி, நீளம், முன்னும் பின்னும் வந்தது என்ன. ஒரு கேசட்டுக்கு ஒரு சாயங்காலம் ஆகும், ஆனால் இது இல்லாமல் இன்னொருவருக்கு உங்கள் கோப்பால் பயன் இல்லை.

பொதுவில் ஏற்றுவது பற்றி: நம் காப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் தனி உரிமை, ஒளிபரப்பிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 25 ஆண்டுகள். 1980களின் ஒளிபரப்புகளுக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் படம், பாட்டு, விளம்பரப் படம் ஆகியவற்றின் உரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அது உயிரோடுதான் இருக்கிறது. ஒளியும் ஒலியும் பாட்டுகளை ஏற்றினால் இசை நிறுவனங்கள் உரிமை கோரும் வாய்ப்பு மிக அதிகம். விளம்பரங்களை மட்டும் பிரித்து, நாளும் விவரமும் சேர்த்துப் போட்டால் சிக்கல் குறைவு. சிக்கல் வரவே வராது என்று சட்டம் உறுதி தரவில்லை. வணிக நோக்கத்தோடு செய்வதாக இருந்தால் வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

தொடங்கும்போது உங்களுக்கு மிக வேண்டிய கேசட்டில் தொடங்காதீர்கள். லேபிளே இல்லாத, பூஞ்சையும் இல்லாத ஒன்றை எடுத்து முழு வேலையையும் ஒருமுறை செய்து பாருங்கள். தவறுகள் அதில் நடக்கட்டும். ராமாயணம் என்று எழுதியவற்றை ஹெட் சுத்தம் செய்த மறுநாள் போடுங்கள். முடிந்த கேசட்டை முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றி, புத்தகம் போல நிறுத்தி வைத்து, பரணுக்குத் திரும்ப அனுப்பாமல் கீழே காற்றோட்டமுள்ள அலமாரியில் வையுங்கள். தூக்கி எறிய வேண்டாம். இன்றைய கருவியால் எடுக்க முடியாமல் போன நாலு விநாடியை நாளைக்கு இன்னும் நல்ல டெக்கில் எடுக்க முடியலாம்.